ஐந்நூற்று ஒன்றாவது இலக்கம்

பட்டறையின் தகரக் கதவு உதைபட்டுத் திறந்தது.

"அண்ணி! நீங்கல்லாம் ஒரு மனுஷியா?"

கல்லுக்காரி மணல் பீய்ச்சும் இயந்திரத்தை நிறுத்தினாள். முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரும்பினாள். வாசலில் நின்றவள் கணவனின் தங்கை. மூன்று வருஷமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவள். கையில் பை, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"தள்ளினாலே திறக்கும். காலை வேற ஏன் நோகடிச்சுக்கறே?"

"கிண்டலை எல்லாம் அப்புறம் வச்சுக்கலாம். என் நம்பரை என்ன பண்ணீங்க?"

"கல்லுல பொறிச்சேன். முந்தாநாள் லாரியில ஏத்தினோம். நேத்து காலேஜ்ல நிறுத்தியாச்சு. நாளைக்குப் பத்து மணிக்குப் புதுக் கட்டடம் திறப்பு. வேற என்ன?"

"பொறிக்கல. கொன்னுட்டீங்க. நட்ட நடுவுல ஒரு பூஜ்யம் இருந்துச்சு. அதைக் காணோம்!"

கல்லுக்காரிக்கு முகம் சிவந்தது. பதினெட்டு வருஷத் தொழில். எத்தனையோ கல்லறைகள், எத்தனையோ அடிக்கல், பெயர்ப் பலகை. ஒரு எழுத்து விட்டுப்போனது என்று இதுவரை ஒருத்தர் வந்து நின்றதில்லை.

"என் கையில எழுத்து விட்டுப்போகாது."

"விட்டுப்போகல. நீங்க விட்டுட்டீங்க. வேணும்னே!"

வேணும்னே என்று அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது.

நாத்தனார் கல்லூரியில் கணிதம் நடத்துகிறவள். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணுக்குப் பகா எண் என்று பெயர் அல்லவா? அதில் ஒரு அபூர்வமான ஜாதியைத் தேடிக்கொண்டிருந்தாள். முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒரே மாதிரி வரவேண்டும். அது மட்டுமில்லை. இரண்டு ஓரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டே வந்தால், உள்ளே மிஞ்சுவதும் ஒவ்வொரு தடவையும் பகா எண்ணாகவே இருக்க வேண்டும். நட்டநடு மையத்தில் 101. அதைச் சுற்றி 31013. அதற்குமேல் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று இலக்கங்களைச் சேர்த்து, சேர்த்து, மொத்தம் நூற்று அறுபத்தெட்டு அடுக்கு. பாதி தூரம் போனதும் வழி அடைத்துக்கொள்ளும். மறுபடி இறங்கிவந்து வேறு வழியில் ஏற வேண்டும். பரிசோதனைக் கூடத்தில் தூக்கிப்போட்ட பதினாறு பழைய கம்ப்யூட்டர்களைக் கோத்து, நாலு வருஷம் ஓட்டி, ஆயிரத்து ஒரு இலக்கத்தில் அந்த எண்ணைப் பிடித்தாள்.

பிடித்த அன்றைக்கு அண்ணன் வீட்டுக்கு ஓடிவந்து, சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் இருக்க, "வெங்காயம் மாதிரி அண்ணி, உரிக்க உரிக்க உள்ளேயும் பிரைம்!" என்று குதித்தாள்.

"வெங்காயம்னா கடையில கிலோ கணக்குல கிடைக்குது. இதை எங்கே போட்டு வதக்கறது?" என்று கேட்டுவிட்டாள் கல்லுக்காரி.

மேஜையே சிரித்தது. அவள் புருஷன் புரையேறும்வரை சிரித்தான். நாத்தனார் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனவள்தான். இன்றைக்குத்தான் வருகிறாள். அதுவும் கதவை உதைத்துக்கொண்டு.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து கணவன் வந்தான். கையெல்லாம் பெயின்ட். "என்ன, ரெண்டு பேரும் பேசிக்கறீங்களா? நல்ல நாள்தான்" என்றவன் தங்கை முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

"நீங்களே கேளுங்க. உங்க தங்கச்சி நம்பரை நான் வேணும்னே கெடுத்தேனாம்" என்றாள் கல்லுக்காரி. "நாம எப்படிச் சரிபார்த்தோம்னு சொல்லுங்க."

"ரெண்டு தடவை படிச்சோம்" என்றான் கணவன். "கல்லு மேல ரப்பர் தாளை ஒட்டி, எழுத்தை வெட்டி எடுத்ததும், நான் பேப்பரைப் பார்த்துப் படிப்பேன், அவ விரல் வச்சுக்கிட்டே வருவா. முதல்ல தலையிலேர்ந்து. அப்புறம் வாலிலேர்ந்து. வாலிலேர்ந்து படிச்சப்பவும் அச்சு அசலா அதே வந்துச்சு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு, தெரியுமா? உன் அண்ணி கூட..."

"அதை விடுங்க" என்று வெட்டினாள் கல்லுக்காரி.

"வரும்! வாலிலேர்ந்து படிச்சாலும் அதேதான் வரும்! அதான் கொடுமையே!" நாத்தனார் கத்தினாள். "நடு எழுத்தை உருவினா ரெண்டு பக்கமும் அப்படியேதான் இருக்கும். கண்ணாடி மாதிரியேதான் தெரியும். ஆனா அது பிரைம் இல்லை. இன்னிக்குக் காலையில போய் நின்னேன். இருபதாவது வரி '31'ல முடியுது. இருபத்தொண்ணாவது வரி '13'ல ஆரம்பிக்குது. நடுவுல என் பூஜ்யம் எங்கே? நாலு வருஷம்! அங்கேயே தலை சுத்திடுச்சு. நேரா பிரின்சிபால் ரூமுக்குப் போய் லெட்டர் எழுதிக் கொடுத்துட்டுத்தான் வரேன்."

"என்னன்னு?"

"கல் பொறிச்சவங்க அலட்சியத்தால ஒரு இலக்கம் போச்சுன்னு."

கணவன் கையிலிருந்த தூரிகையை டப்பாவுக்குள் போட்டான்.

"காலேஜ் வேலைதான்மா நமக்குப் பாதி வேலை" என்றான் மெதுவாக. "லிஸ்ட்லேர்ந்து தூக்கிடுவாங்க."

கல்லுக்காரி சுவரோரம் இருந்த இரும்பு அலமாரியைத் திறந்தாள். வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டுத் தந்த தாளைக் கல் இடத்துக்குப் போன பிறகும் ஒரு வருஷம் வைத்திருப்பது அவள் வழக்கம். அந்தத் தாளை எடுத்து, நாத்தனார் முன்னால் வேலை மேஜையில் அடித்து விரித்தாள்.

"ஒரு வரிக்கு இருபத்தஞ்சு கட்டம். நாப்பது வரி. கீழே கையெழுத்து. பக்கத்துல காலேஜ் சீல். கணக்கு நடத்தறவதானே நீ? எண்ணு. உன் பூஜ்யம் இதுல இருக்கா?"

நாத்தனார் குனிந்தாள். எண்ணக்கூட இல்லை. இருபதாவது வரியின் முனையைப் பார்த்தாள். அடுத்த வரியின் தலையைப் பார்த்தாள். 31. 13.

"இது... நான் அனுப்பினது இல்லையே."

"நான் எழுதினதும் இல்லை."

"நான் ஆபீசுக்குக் கோப்பா அனுப்பினேன். ஆயிரத்தொண்ணும் சரியா இருந்துச்சு. கட்டமெல்லாம் போடவே இல்லை."

"கையெழுத்து யாருதுன்னு பாரு."

கட்டடத்தை வடிவமைத்த ஆர்க்கிடெக்டின் கையெழுத்து. எப்போது பார்த்தாலும் சட்டைப் பையில் ஒரு ஸ்டீல் ஸ்கேலைச் செருகிக்கொண்டு திரிபவர். பட்டறையில் அவருக்கு 'ஸ்கேல்' என்றே பெயர்.

நாத்தனார் வாயைத் திறந்தாள். கல்லுக்காரி கையை உயர்த்தினாள். "மன்னிப்பு கின்னிப்புன்னு ஆரம்பிக்காதே. எனக்கு இப்ப அதைக் கேட்கற பொறுமை இல்லை. லெட்டர் எழுதறதுக்கு முன்னாடி இங்கே வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே? என்னங்க, வண்டிச் சாவியைக் கொடுங்க."

"எங்கே?" என்றான் கணவன்.

"காலேஜுக்கு. அந்தக் கருவிப் பெட்டியையும் தூக்கிப் போடுங்க."

"கருவி எதுக்கு?"

"எதுக்கோ. போடுங்கன்னா போடுங்க."

மூன்று பேரும் சரக்கு வண்டியின் முன்னிருக்கையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கல்லுக்காரி ஓட்டினாள்; நடுவில் மாட்டிய கணவன் இரண்டு பக்கமும் படாமல் தோளைக் குறுக்கிக்கொண்டான்.

*

புதுக் கட்டடத்தின் முன்கூடத்தில் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலுக்கு நேரே கறுப்புக் கல் ஏழடி உயரத்துக்கு நின்றது. அதில் கட்டை விரல் அளவு இலக்கங்கள், வரி வரியாக, வெள்ளை நிறத்தில். சுற்றிலும் ஒரு மெல்லிய சட்டக் கோடு. கல்லுக்காரியே ஒரு நொடி நின்று பார்த்தாள். நல்ல வேலை. அந்த நினைப்பு அவள் கோபத்தை இன்னும் கூட்டியது.

கல்லின் முன்னால் பிரின்சிபாலும் ஸ்கேலும் நின்றிருந்தார்கள். பிரின்சிபால் கையில் நாத்தனாரின் கடிதம்.

"வாங்கம்மா, நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றார் பிரின்சிபால், கல்லுக்காரியைப் பார்த்து. "இப்படிப் பண்ணிட்டீங்களே. உங்க நாத்தனாரே எழுதிக் கொடுத்திருக்காங்க."

கல்லுக்காரி தாளை அவர் மூக்கருகே நீட்டினாள். "இது உங்க ஆபீஸ் சீலா, இல்லை நான் செஞ்சு குத்தினதா?"

பிரின்சிபால் தாளைப் பார்த்தார். பிறகு ஸ்கேலைப் பார்த்தார்.

ஸ்கேல் கொஞ்சமும் அசையவில்லை. "ஆமா, நான்தான் எடுத்தேன்" என்றார், சட்டையிலிருந்து ஒரு நூலை எடுத்தது மாதிரி. "கல்லுல ஆயிரம் கட்டம்தான் அழகா உட்காருது. உங்க நம்பர் ஆயிரத்தொண்ணு. கடைசி ஒத்தை எழுத்து மட்டும் நாப்பத்தொண்ணாவது வரியில தனியா தொங்கும். பார்க்க சகிக்காது. ஓரத்துல வெட்டினா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காதேன்னு யோசிச்சுத்தான் நடுவுல எடுத்தேன். இப்பவும் முன்னும் பின்னும் ஒண்ணாதானே இருக்கு?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" நாத்தனார் அவர் முன்னால் போய் நின்றாள். "பதிமூணு பதிமூணா எழுபத்தேழு வரி போட்டிருந்தா ஆயிரத்தொண்ணும் கச்சிதமா உட்கார்ந்திருக்கும்!"

"கல்லோட நீள அகலத்துக்கு அது ஒத்து வராதும்மா. அதுவும் நான் எடுத்தது என்ன, ஒன்பதா எட்டா? வெறும் ஜீரோ. ஜீரோவுக்கு ஏது மதிப்பு?"

"உங்க போன் நம்பர்ல நடுவுல ஒரு ஜீரோவை எடுத்துட்டு உங்க வீட்டம்மாகிட்ட கொடுங்க" என்றாள் கல்லுக்காரி. "கூப்பிட்டா யார் எடுக்கறாங்கன்னு பார்ப்போம்."

நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். ஸ்கேலின் காது சிவந்தது.

நாத்தனார் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தாள். புதுத் தரை என்றும் பார்க்கவில்லை. மண்டியிட்டு எழுதினாள். 101.

"இது பிரைம். பூஜ்யத்தை எடுங்க. பதினொண்ணு." கீழே எழுதினாள். 31013. "இது பிரைம். பூஜ்யத்தை எடுங்க. 3113. பதினொண்ணை இருநூத்தி எண்பத்திமூணால பெருக்கிப் பாருங்க, இதுதான் வரும். அதுக்கு மேல இருக்கிற அத்தனை அடுக்குலயும் இதே கதைதான். அத்தனையும் பதினொண்ணால வகுபடும். ஒண்ணுகூட பிரைம் கிடையாது!"

"அதெப்படி அவ்வளவு பெரிய நம்பரை வகுக்காமலே சொல்றே?" என்று கேட்டுவிட்டாள் கல்லுக்காரி. கோபத்தின் நடுவே அந்தக் கேள்வி அவளை அறியாமல் வந்துவிட்டது.

நாத்தனார் தலை நிமிர்ந்தாள். "முதல் இலக்கத்தைக் கூட்டணும், அடுத்ததைக் கழிக்கணும், அடுத்ததைக் கூட்டணும். இப்படியே போய் கடைசியில பூஜ்யம் வந்தா அது பதினொண்ணால வகுபடும். இந்தக் கல்லுல ஒவ்வொரு இலக்கத்துக்கும் எதிர்ப் பக்கத்துல ஒரு ஜோடி இருக்கு. மொத்தம் ஆயிரம், இரட்டைப்படை. அதனால ஒருத்தனைக் கூட்டினா அவன் ஜோடியைக் கழிக்கற மாதிரியே வரும். எல்லாம் அடிபட்டுப் போயிடும். நடுவுல அந்த ஒத்தை ஆள் நின்னா மொத்தம் ஒத்தைப்படை. அப்போ ஜோடி ரெண்டும் ஒரே பக்கம் சேரும், அடிபடாது."

"அப்ப அந்த ஒத்தை ஜீரோதான் மத்தவங்களை அடிபடாம காப்பாத்துது."

"ஆமா."

"அதைத்தான் இவர் மதிப்பில்லைன்னு உருவிட்டார்."

"ஆமா அண்ணி!"

பிரின்சிபால் கனைத்தார். "சரி, சரி. நடந்தது நடந்துபோச்சு. புதுக் கல் வரணும்னா மூணு வாரம் ஆகும். நாளைக்கு விழா. ஆயிரம் இலக்கத்தை யார் மெனக்கெட்டுக் கூட்டிக் கழிக்கப் போறாங்க?"

"கூட்டவே வேண்டாம் சார். எண்ணினா போதும். கண்ணாடி மாதிரி இருக்கிற நம்பர்ல இலக்கம் இரட்டைப்படையா இருந்தா, பதினொண்ணைத் தவிர எதுவுமே பிரைம் ஆகாது. நாளைக்கு வர்ற சிறப்பு விருந்தாளி கணக்குப் பேராசிரியர். வாசல்லயே நின்னு சிரிச்சுடுவார். 'அபூர்வப் பகா எண்'னு மேலே தலைப்பு வேற!"

பிரின்சிபால் யோசித்தார். நெற்றியைத் தடவினார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தவர் மாதிரி முகம் தெளிந்தது.

"அப்போ ஒண்ணு செய்வோம். விழா மலர் இன்னும் அச்சுக்குப் போகல. அதுல ரெண்டு வரி சேர்த்துடலாம். 'கல் பொறித்தவரின் கவனக்குறைவால் ஒரு இலக்கம் விடுபட்டுள்ளது, வருந்துகிறோம்'னு. உங்களுக்கும் கௌரவம் போகாது, கல்லூரிக்கும் போகாது." கடிதத்தை நாத்தனார் முன்னால் ஆட்டினார். "நீங்களே எழுதினதுதானே இது?"

"எங்க கௌரவம்?" என்றாள் கல்லுக்காரி.

"அட, நீங்க சின்ன பட்டறைம்மா. உங்க பேரைக்கூடப் போடப்போறதில்லை."

"இந்த ஊர்ல கல் பொறிக்கறது நான் ஒருத்திதான்யா! பேரைப் போட்டா என்ன, போடாட்டி என்ன?" அவள் குரல் கூரையில் இடித்துத் திரும்பியது. "பதினெட்டு வருஷமா செத்தவங்க பேரைப் பொறிக்கறேன். அவங்க எழுந்து வந்து திருத்தச் சொல்ல மாட்டாங்கன்னு ஒவ்வொரு எழுத்தையும் ரெண்டு தடவை தொட்டுப் பார்த்துட்டுத்தான் மணலைத் திறப்பேன். உங்க ஆள் அழகு பார்த்து ஒண்ணை உருவுவாராம், கவனக்குறைவு மட்டும் எனக்காம். இந்தா நிக்கறா பாருங்க என் நாத்தனார், அவளே என்னை அப்படி நினைச்சுட்டா. நாளைக்கு ஊரே நினைக்கும்."

நாத்தனார் தரையிலிருந்து எழுந்தாள். பிரின்சிபால் கையிலிருந்த கடிதத்தை வெடுக்கென்று வாங்கினாள். கல்லின்மேல் வைத்து, பேனாவை எடுத்து, தான் எழுதிய வரிகளின் குறுக்கே கோடு இழுத்தாள். கீழே பெரிதாக எழுதினாள். 'இலக்கத்தை நீக்கியது கட்டட வடிவமைப்பாளர். கையெழுத்திட்ட தாள் இருக்கிறது. கல் பொறித்தவர் மேல் நான் சொன்னது பொய்.' தேதி போட்டுக் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதை வேணும்னா மலர்ல போடுங்க."

"இப்படி எழுதிக் கொடுத்துட்டு நாளைக்கு மேடையில எப்படி உட்காருவீங்க?" பிரின்சிபாலின் குரல் மாறிவிட்டது.

"உட்காரல. பதினொண்ணால வகுபடற நம்பருக்கு எதுக்கு சார் பொன்னாடை?"

சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அண்ணன் தோளைத் தொட வந்தான். தட்டிவிட்டாள்.

கல்லுக்காரி கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நடு எங்கேன்னு சொன்னே?"

"என்ன?"

"உன் பூஜ்யம். எந்த இடம்?"

"ஐந்நூத்தி ஒண்ணாவது. இருபதாவது வரி முடிஞ்சு, இருபத்தொண்ணு ஆரம்பிக்கறதுக்கு நடுவுல. இனிமே எங்கே அண்ணி சேர்க்க முடியும்? எல்லா இலக்கமும்தான் நகரணும்."

"ஏன் நகரணும்? வரி முடியற இடம்தானே?" கல்லுக்காரி போய் இருபதாவது வரியின் முனையில் விரலை வைத்தாள். கடைசி '1'க்கும் சட்டக் கோட்டுக்கும் நடுவில் மூன்று விரல் அகலம் வெறும் கல். "இங்கே ஒண்ணு போட்டா படிக்கறவங்க எப்படிப் படிப்பாங்க?"

நாத்தனாருக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது வாய் பாதி திறந்து நின்றது. "மூணு... ஒண்ணு... பூஜ்யம்... அடுத்த வரி ஒண்ணு... மூணு."

"சரியா?"

"சரி அண்ணி. சரிதான்!"

"என்னங்க, பெட்டியைக் கொண்டாங்க."

"ஏம்மா..." என்று ஆரம்பித்த கணவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான்.

ஸ்கேல் முதல்முறையாகப் பதறினார். ஓடிவந்து கல்லுக்கு முன்னால் கையை விரித்து நின்றார். "என்ன பண்றீங்க? ஓரத்துல ஒண்ணே ஒண்ணு துருத்திக்கிட்டு நிக்குமா? என் டிசைனே போயிடும்! சார், நிறுத்தச் சொல்லுங்க!"

"தள்ளுங்க."

"இது கல்லூரிச் சொத்து!"

"இதுல இருக்கிற வேலை என்னுது. என் வேலையில குறை இருக்குன்னு இப்பத்தானே சொன்னீங்க? குறையைச் சரிபண்ண வந்திருக்கேன்." கையிலடங்கும் கல் வெட்டும் இயந்திரத்தின் வயரை அவிழ்த்தாள். "தள்ளலைன்னா கல்தூசி உங்க சட்டையிலதான் விழும். அப்புறம் ஒவ்வொரு தூசியா தட்டிக்கிட்டு நிக்கணும்."

ஸ்கேல் பிரின்சிபாலைப் பார்த்தார். பிரின்சிபால் கடிதத்தைப் பார்த்தார், தாளில் இருந்த சீலைப் பார்த்தார், வேலையை விட்டுவிட்டுக் கூடிவிட்ட ஏழெட்டுப் பேரைப் பார்த்தார்.

"அம்மா, சொல்றேன் கேட்டுக்கோங்க. இதுல கை வச்சா இனிமே இந்தக் காலேஜ்லேர்ந்து உங்களுக்கு ஒரு பெயர்ப் பலகைகூட வராது. லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுவேன்."

கணவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"எடுங்க" என்றாள் கல்லுக்காரி. "ஆனா காரணத்தை ஒழுங்கா எழுதுங்க. எழுத்தை விட்டதுக்காக எடுத்தோம்னு எழுதினீங்கன்னா நான் இந்தத் தாளைப் பெரிசு பண்ணி என் பட்டறை வாசல்ல ஒட்டுவேன். எழுத்தைச் சேர்த்ததுக்காக எடுத்தோம்னு எழுதுங்க. அதுல எனக்கு ஒண்ணும் வெட்கமில்லை."

ஸ்கேல் ஒரு அடி நகர்ந்தார்.

அவள் பக்கத்து வரியிலிருந்த ஒரு பூஜ்யத்தை மெல்லிய தாளில் தேய்த்து எடுத்தாள். அதே அளவு, அதே சாய்வு. முனையில் வைத்துக் கோடு கிழித்தாள். முகமூடியை இறக்கினாள். இயந்திரம் அலறத் தொடங்கியதும் கூடத்தில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கறுப்புத் தூசி பறந்தது.

"தண்ணி!" என்று கத்தினாள்.

கணவன் பாட்டிலை எடுப்பதற்குள் நாத்தனார் பிடுங்கிக்கொண்டாள். கல் சூடேறாமல் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். கறுப்புச் சேறு வழிந்து அவள் கையெல்லாம் ஆனது.

"அங்கே இல்லை, மேலே ஊத்து. கணக்கு வந்தா மட்டும் போதுமா?"

"பழக்கம் இல்லை அண்ணி, திட்டாதீங்க."

"திட்டத்தான் செய்வேன். அந்த லெட்டருக்கு இன்னும் நான் ஆரம்பிக்கவே இல்லை. வீட்டுக்கு வா, வச்சிருக்கேன்."

"நீங்க வெங்காயம்னு சிரிச்சதுக்கு நானும்தான் ஆரம்பிக்கலை."

"ஊத்துடி!"

இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சின்ன உளியை எடுத்தாள். உள்வளைவைக் கையாலேயே செதுக்கி, ஓரங்களை இழைத்து, துணியால் துடைத்தாள். மற்ற ஆயிரமும் கட்டத்துக்குள் ஒழுங்காக நிற்க, இது மட்டும் வரிசையை விட்டு வெளியே வந்து நின்றது. வாசலில் நுழைகிற யார் கண்ணும் முதலில் அங்கேதான் போகும். ஸ்கேல் தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கணவன் வெள்ளைப் பெயின்ட் டப்பாவைத் திறந்துகொண்டு வந்தான். கல்லுக்காரி தூரிகையை வாங்கவில்லை.

"காயட்டும். ஈரத்துல ஒட்டாது" என்றாள். "முதல்ல படிங்க. தலையிலேர்ந்து ஒரு தடவை, வாலிலேர்ந்து ஒரு தடவை."

"இப்பவா? ஆயிரமும்?"

"ஆயிரத்தொண்ணு" என்றாள் நாத்தனார்.

கல்லுக்காரி முதல் வரியின் முதல் இலக்கத்தில் விரலை வைத்தாள். பிரின்சிபால் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கை பையிலிருந்து நீட்டிய சரியான தாளை வாங்கிக்கொண்டு கணவன் படிக்கத் தொடங்கினான்.